மொஹிங்கா கடை மந்திரிசபை

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்டில் நானும் அக்காவும் மொஹிங்கா கடை வைத்திருக்கிறோம். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்தான் எங்கள் பிழைப்பு. கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, லுங்கி கட்டி, எல்லோரிடமும் பர்மியத்தில் பேசும் எங்களைத் தமிழச்சிகள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கவே மாட்டார்கள்.

போன வருஷம் கடைக்கு மேலே இருக்கும் அறைக்கு மூன்று பேர் குடிவந்தார்கள். ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர்கள். பெயர் வேண்டாம், அந்த நாட்டு ஜனாதிபதி என்ன பாவம் செய்தார்? இறால் வியாபாரம் என்றார்கள். எங்களிடம் ஆங்கிலம் பேசினார்கள், தங்களுக்குள் தமிழ். இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

முதல் நாள் காலையில் எங்கள் கடையில் சாப்பிடும்போது அவர்களில் பருமனானவர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ரேடியோ ஸ்டேஷனப் பிடிச்சிட்டா ஜனாதிபதி ஓடிருவான். அப்புறம் நான்தான்."

என் கரண்டி குழம்புக்குள் விழுந்தது. ஆட்சியைக் கவிழ்க்கும் பேச்சை எங்கள் ஊரில் கனவில்கூட யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அக்காவை அடுப்படிக்கு இழுத்துப் போய், "போலீசுல சொல்லிருவோமா?" என்றேன்.

"சொல்லப் போனா நம்மளத்தான் முதல்ல உள்ள உக்கார வைப்பாங்க. நீ வெங்காயத்த நறுக்கு."

அக்கா அப்படிச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்குக் கதை பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர்கள் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். உரிக்கப் பூண்டு இல்லாதபோதும் உட்கார்ந்தாள்.

படகைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் அவர்கள் பேசியது கொஞ்சம்தான். யாருக்கு எந்த இலாகா என்றுதான் தினமும் சண்டை. மூவரில் ஒல்லியானவர் மாலுமி. படகு ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாமவர் பருமனானவரின் மச்சான். பல் குத்துவதைத் தவிர அவர் வேறு வேலை செய்து நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு காலை பருமனானவர் முடிவாகச் சொன்னார்: "மச்சானுக்கு ராணுவம். உனக்கு மீன்வளம்."

ஒல்லியானவர் தலைகுனிந்தார். அக்காவால் பொறுக்க முடியவில்லை. பூண்டுத் தட்டைத் தரையில் போட்டாள்.

"இது அநியாயம்! படகு ஓட்டுறது இவரு, ராணுவம் அந்தப் பல்லுக்குச்சிக்கா?"

தமிழில்தான் கத்தினாள்.

"உங்களுக்கு... தமிழ் தெரியுமா?" என்றார் பருமனானவர்.

"தெருவுக்கே தெரியும்," என்றாள் அக்கா.

எதிரில் வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, வெள்ளிக்கிழமை கிளம்புறீங்கதானே? ராகுகாலம் பாத்துக்கிடுங்க."

மச்சானுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஒல்லியானவர் மட்டும் நிமிர்ந்தார். "இந்த அம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு அலோன் துறைமுகத்துக்குப் போய், ஏதோ சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். படகோட்டி இல்லாத மந்திரிசபை அன்று மத்தியானமே டாக்சி பிடித்துக் கிளம்பியது.

அக்கா பல நாள் போனில் அந்த நாட்டுச் செய்தியைத் தேடினாள். ஒருநாள் படம் கிடைத்தது: ஜனாதிபதி சிரித்தபடி ஒரு பாலத்துக்கு ரிப்பன் வெட்டுகிறார்.

"பாரு, இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது," என்று அலுத்துக்கொண்டாள்.

மேல் அறைக்கு இப்போது புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. சாப்பிடும்போது இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. அக்காவுக்குப் பொழுதே போகமாட்டேன் என்கிறது.