எனக்கு அடுத்து யாரும் வரவில்லை

ஒரகடத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரே அறையில் இருந்தோம். எல்லோரும் தெற்கிலிருந்து, கார் கம்பெனி வேலையையும் அதன் பஸ்ஸையும் நம்பி வந்தவர்கள். அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் என்று ஒரு தாளும் இருந்ததில்லை. ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. காலி செய்து போகிறவளுக்கு வீட்டுக்காரம்மா அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார். அவள் இடத்துக்குப் புதிதாக வருகிறவள் தருவாள். வருகிறவள் போகிறவளின் கையில் பணத்தை வைப்பாள், போகிறவள் பாயைச் சுருட்டுவாள். வீட்டுக்காரம்மா வாசலில் தலையை நீட்டி, "இன்னா, ஆள் மாறிட்சா? சரி சரி, தண்ணிய பாத்து செலவு பண்ணுங்கோ" என்பார். பத்திரப்பதிவு முடிந்தது.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஒருத்தி எழுந்த இடத்தில் இன்னொருத்தி படுக்க, பணம் மட்டும் தூங்காமல் கை மாறிக்கொண்டே போகிறது. ஓடுகிறவரை எல்லாமே ஆறுதான். வறண்டால்தான் யார் வயல் காய்கிறது என்று தெரியும். காய்ந்தது என் வயல்.

சென்னையில் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை கிடைத்திருந்தது. திருகாணியையே இரண்டு வருடம் முறைத்துக்கொண்டிருந்த கண்ணுக்கு எழுத்தை முறைக்க ஒரு வாய்ப்பு. திங்கட்கிழமை சேர வேண்டும். தங்குவதற்கு ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பார்த்தாகிவிட்டது. நாலாயிரம் அட்வான்ஸ், வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் கட்டில் வேறு ஆளுக்கு என்று வார்டன் சொல்லிவிட்டார். கட்டில் இல்லையென்றால் வேலையும் இல்லை. சென்னையில் எனக்கு ஒரு நாய்க்குட்டிகூடத் தெரியாது. ஆனால் நான் ஏன் பயப்பட வேண்டும்? இந்த அறைக்கு நான் ஐயாயிரம் கொடுத்திருக்கிறேன். ஓர் ஆள் பிடித்தால் ஐயாயிரமும் கைக்கு வரும்.

அந்த மாதம் பார்த்துத்தான் கம்பெனியே சொந்தமாக ஹாஸ்டல் திறந்தது. ஷிப்ட் முடிகிற நேரம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று, புதுமுகமாகத் தெரிந்த ஒவ்வொருத்தியிடமும் "ரூம் வேணுமா?" என்று கேட்டேன். ஒரு சின்னப்பெண் மட்டும் இரக்கப்பட்டு நின்றாள்.

"அக்கா, ஹாஸ்டல்ல ராத்திரிக்குச் சப்பாத்தி போடுதாவ."

சப்பாத்திக்கு எதிராக என்னிடம் எந்த வாதமும் இல்லை. திரும்பி வந்தேன்.

அறையில் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரி திருச்செந்தூர்ப் பக்கம். நாக்கில் உப்புக்காற்று அடிக்கும். "ஏட்டி, ஒரு ஆளப் புடிக்கத் துப்பில்ல, நீ போயி அடுத்தவன் பிழையத் திருத்தப் போறியாக்கும்?" என்றாள்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்காரம்மாவிடமே போனேன். அவர் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நான் காலி பண்ணுதேன். புது ஆளு யாரும் கெடைக்கல. அட்வான்ஸ நீங்களே குடுத்துருங்க."

"இன்னாம்மா இது? நீ எங்கையிலயா குட்த்த?"

"இல்லக்கா, எனக்கு முன்னாடி இருந்தவகிட்ட."

"அப்போ அவள கேளு."

"அவ அவளுக்கு முன்னாடி உள்ளவகிட்டல்லா குடுத்திருக்கா."

"அவ இவள கேக்கட்டும், இவ அவள கேக்கட்டும். உன் எடத்துக்கு எங்கையில குட்த்தது ஒரே ஒரு பொண்ணு. மொத மொதல்ல ரெட்ட ஜட போட்டுகினு ஒல்லியா வந்துச்சே, அது. அது வந்து கேட்டா இந்த மீன் வாசன போறதுக்குள்ள எண்ணி வெப்பேன். அடுத்தவ துட்ட ஆராருக்கோ தூக்கிக் குடுக்க நான் இன்னா லூசா?"

ஓர் ஓட்டையும் இல்லாத நியாயம். செதில் பறந்து என் முழங்கையில் ஒட்டியது.

ரெட்டை ஜடையைத் தேடினேன். செல்லில் டாப்-அப் போட்டு, முதலில் எனக்கு முன்னால் இருந்தவளைக் கூப்பிட்டேன். திருப்பூரில் இருந்தாள். பின்னணியில் குழந்தை வீறிட்டது.

"அட்வான்ஸ்" என்று நான் ஆரம்பித்ததுமே அவளும் வீறிட்டாள். "நீ குடுத்தது செலவாயிருச்சுடி! தொட்டில் வாங்கிட்டோம்!"

உன் தொட்டில் எனக்கு வேண்டாம், உனக்கு முன்னால் இருந்தவளின் நம்பர் போதும் என்று சத்தியம் செய்து வாங்கினேன். அந்த நம்பர் மதுரைக்குப் போனது. எடுத்தது மாமியார்.

"எந்த அட்வான்ஸு? எம் மருமகளுக்கு வரவேண்டிய காசா? எம்புட்டு? எம் மகனுக்குத் தெரியுமா?"

ஒரு குடும்பத்தின் அஸ்திவாரம் என் காதுக்குள் ஆடியது. பிறகு மருமகள் போனைப் பிடுங்கி, மொட்டை மாடிக்கு ஓடியிருக்க வேண்டும், மூச்சு வாங்கக் குசுகுசுத்தாள். "ரெட்ட ஜடையா? அவ எங்கிட்டும் போகல. உள்ளூர்க்காரரக் கட்டிக்கிட்டு வல்லக்கோட்டையிலதான் இருக்கா. கோயில் வாசல்ல பூக்கடை. இனிமே இந்த நம்பருக்குப் பேசாத, புண்ணியமாப் போகும்."

திருப்பூர், மதுரையெல்லாம் சுற்றிய என் குரல் கடைசியில் ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஊருக்குப் போனது.

முருகன் கோயில் வாசலில் அவள் இருந்தாள். ஜடை ஒற்றையாகியிருந்தது, ஆள் இரட்டையாகியிருந்தாள். பேச்சில் பாதி தாமிரபரணி, பாதி செம்பரம்பாக்கம் ஏரி.

"இன்னாட்டி சொல்லுத? என் அட்வான்ஸ நான் அப்பவே வாங்கிகினேன்லா. சாமி வாசல்ல ஒக்காந்துகினு ரெண்டாவது வாட்டி வாங்குனா வெளங்குமா?"

"நீங்க கேட்டாத்தான் குடுப்பாவளாம். வாங்கி என் கையில குடுத்துருங்க. ஒங்க கையில ஒரு நிமிசந்தான் இருக்கும்."

அவள் கோபுரத்தைப் பார்த்தாள். ஒரு முழம் கட்டி முடிக்கும்வரை யோசித்தாள். "ஒரு நிமிசம்னா குத்தமில்ல" என்று எழுந்து, பூக்கூடையின் மேல் ஈரச்சாக்கைப் போட்டாள்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. "அடியே ரெட்ட ஜட!" என்று கட்டிக்கொண்டார். காப்பி வந்தது. பிரசவங்கள் வந்தன. யார் நிலம் யாருக்குப் போனது, யார் அந்தக் காசில் கார் வாங்கிக் கால்வாயில் விட்டது என்பதெல்லாம் வந்தது. என் வெள்ளிக்கிழமை மட்டும் வாசற்படியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவளுக்கே நினைவு வந்தது.

"எக்கா, என் அட்வான்ஸு."

வீட்டுக்காரம்மா உடனே எழுந்தார். நிமிர்ந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பணத்தை அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். சுட்ட சோளத்தைப்போல அவள் அதை உடனே என் கைக்குத் தள்ளினாள்.

இரண்டாயிரம்.

"நான் குடுத்தது அஞ்சாயிரம்" என்றேன்.

"நான் குட்த்தது ரெண்டுதான்" என்றாள் ரெட்டை ஜடை.

"ரெண்டுதாம்மா. ஒரு பைசா கொறையல" என்றார் வீட்டுக்காரம்மா.

 பிறகு கணக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரெட்டை ஜடை போகும்போது தான் அடித்த மர ஷெல்பையும் சேர்த்து விற்றிருக்கிறாள். மதுரைக்காரி டேபிள் ஃபேனைச் சேர்த்திருக்கிறாள். திருப்பூர்க்காரி போகும்போது சேர்ப்பதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. அவள் ஜன்னலைச் சேர்த்திருக்கிறாள். ஜன்னலோரத்துப் பாய் என்று ஆயிரத்து ஐந்நூறு. நானும் எதுவும் கேட்காமல், காற்று முகத்தில் பட்ட மயக்கத்தில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

"ஜன்னலுக்கா?" ரெட்டை ஜடை சிரித்த சிரிப்பில் தூண் குலுங்கியது. "அது நான் வரும்போதே இருந்துச்சேட்டி!"

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "அந்த ஜன்னல் எங்க வூட்டுக்காரரு நின்னு வெச்சது. அப்பிடிப் பாத்தா அந்தத் துட்டு எனுக்குல்ல வரணும்?"

மேற்கொண்டு பேசினால் கையில் இருப்பதும் போய்விடும் என்று எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், நாலு பேரும் ஷிப்ட் முடிந்து வந்ததும் அறையில் ஏலம் போட்டேன். ஷெல்பை இருநூறுக்கு ஒருத்தி எடுத்தாள். ஃபேனை இரண்டு பேர் சேர்ந்து எண்ணூறுக்கு எடுத்து, அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று அப்போதே சண்டையைத் தொடங்கினார்கள். இன்னும் ஆயிரம் வேண்டும். மிச்சம் இருந்தது ஜன்னல்.

பக்கத்துப் பாய்க்காரி மட்டும் கிட்டே வந்தாள். அவள் இடம் சுவரோரம். அந்தச் சுவர் பகலெல்லாம் தின்ற வெயிலை இரவெல்லாம் அவள்மேல் கக்கும்.

"இதுக்கு நான் துட்டு தந்தா, எனக்கு அடுத்தால வாறவகிட்ட வாங்கிக்கிடலாமா?"

"முடியாதுட்டி. அடுத்தால யாரும் வரமாட்டா. நீ தந்தா போனதுதான்."

"பெறவு எதுக்குட்டி தரணும்?"

 ஜன்னல் கதவைத் திறந்து வைத்தேன். வெளியே வெள்ளை உறை போர்த்திய புதுக் கார்களைச் சுமந்துகொண்டு ட்ரெய்லர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, பள்ளிக்கூடம் விட்ட யானைகள்போல. கடல் எங்கோ இருக்கிறது என்பதை அந்த ஊரில் காற்று ஒன்றுதான் நினைவில் வைத்திருந்தது. அது உள்ளே வந்தது. அவள் என் பாயில் உட்கார்ந்தாள். கழுத்து வியர்வையைத் துடைக்கத் தூக்கிய துப்பட்டா அப்படியே நின்றது.

"ஆயிரம் ரொம்பக் கூடுதல்."

"சரி."

"கொள்ளைக்காரி."

"சரி."

சுருக்குப்பையை இடுப்பிலிருந்து இழுத்தாள். மறுநாள் அந்த நாலாயிரத்தை விடுதியில் கட்டி, ரசீது எழுதித் தரும்வரை வார்டனின் மேஜையை விட்டு நகராமல் நின்றேன். ஆனால் அது மறுநாள். அன்று சாயங்காலம் அவள் தந்த நோட்டுகளைப் பிடித்தபடி, என் இடம் என்ற நினைப்பில் ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் கீழேயிருந்து என் முழங்காலைத் தட்டினாள்.

"ஏட்டி, துட்டு வாங்கியாச்சுல்லா? காத்த மறைக்காம அங்கிட்டுத் தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.