கீரையைப் பறித்தோம், சாப்பிடவில்லை

எங்கள் தெருமுனைக் காலிமனையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்தில், இன்று காலை முதன்முதலாக முளைக்கீரை பறித்தோம். ஆம்பூரில் இப்படி ஒரு பச்சையைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம்.

அதை நான்தான் கெடுத்தேன்.

"தோல் பதனிடுற ஷாப் பக்கத்து மண்ணு இது. போர் தண்ணியும் கரிக்குது. மண்ண டெஸ்டுக்குக் குடுத்திருக்கேன், ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் சமைக்காதீங்க" என்றேன்.

எதிர்வீட்டு ஷாஹீன் அக்கா கையில் கீரைக்கட்டோடு நின்றார். ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்து, தினமும் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான்.

"எங்க வூட்லயும் இதே போர் தண்ணிதான். இருவது வருஷமா அதுலதான் சோறாக்குறேன். அத இன்னாத்துக்கு யாரும் டெஸ்ட் பண்ணல?"



அக்கா கட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரு பாட்டிலில் தண்ணீரோடு திரும்பி வந்தார். "இதையும் சேத்து அனுப்புப்பா."

மதியத்துக்குள் என் வீட்டு மேஜையில் ஒன்பது பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் பெயர். உட்கார முடியாமல் அவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறேன். பத்தாவதாக எங்கள் வீட்டுத் தண்ணீரையும் பிடித்து வைக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரை டெஸ்ட் பண்ணிவிட்டீர்களா, இல்லை என்னைப் போலத்தானா?