பெயர்ப்பலகையில் தொங்கிய பாஸ்வேர்டு

என் தங்கையின் புருஷனை இந்தத் தெருவில் டேப்பு என்று சொன்னால்தான் தெரியும். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்டுவது அவர் தொழில். திரை தைப்பது தங்கையின் தொழில். இவர் போய் ஜன்னலை அளந்து வருவார், அவள் வெட்டித் தைப்பாள், இவர் ஏணி போட்டு மாட்டிவிட்டு வருவார். அவர்கள் பட்டறைக்கும் என் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். சண்டை வந்தால் கேட்பதற்குக் காதே தேவையில்லை.

வேலையில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. அவர் மாட்டிய கம்பியில் நான் தொங்கிப் பார்த்திருக்கிறேன். என் உடம்புக்கே அசையவில்லை. குடி இல்லை, கெட்ட சகவாசம் இல்லை. பொறாமை மட்டும்தான். மற்றவர்களுக்கு வயிறு இருக்கிற இடத்தில் இவருக்கு அடுப்பு இருக்கிறது.

துணி கொண்டுவந்து போடுகிற வியாபாரி அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போனால், "தங்கச்சிக்கு எதுக்கு இத்தனை பல்லைக் காட்டணும்?" என்பார். தையல் மெஷின் பழுது பார்க்க வருகிறவர் எண்ணெய் விட்டு முடிக்கும்வரை தலைமாட்டிலேயே நிற்பார். "போதும் போதும், மெஷின் குளிச்சிருச்சு, கெளம்புங்க" என்று அவரே வழியனுப்பி வைப்பார். தங்கை எனக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுத்தாலும் ஆகாது. நான் கூடப் பிறந்தவன் என்பதை மறந்துவிட்டு இரண்டு டம்ளரையும் பார்ப்பார், எதில் அதிகம் என்று.

அப்படிப்பட்டவர் வீட்டில் போன் வந்தால் என்ன ஆகும்? தங்கை தான் தைத்த திரைகளைப் படம் எடுத்துப் போனில் தன் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி அதில் போட்டாள். அதைப் பார்த்து ஆர்டர் வர ஆரம்பித்தது. முன்பு பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்த பெயர் ஊர் முழுக்கத் தெரிந்தது. படத்துக்குக் கீழே ஆட்கள் இதயம் போட்டார்கள்.

"ஜன்னல் திரைக்கு இதயம் போடுறவன் எவன் மச்சான்? இதயத்தை வீட்டுல வைக்க எடமில்லையா?"

"திரை நல்லா இருக்குன்னு போடுறான் மாப்ள."

"அப்போ கம்பி? கம்பி இல்லாம திரை என்ன அந்தரத்துலயா நிக்குது? ஒருத்தனாவது கம்பியைப் பத்தி எழுதியிருக்கானா?"

அவருக்கு எரிந்தது இரண்டு பக்கமும். பெண்டாட்டியைப் பார்க்கிறார்களே என்று ஒரு பக்கம், தன்னைப் பார்க்கவில்லையே என்று இன்னொரு பக்கம்.

கடைசியில் அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டார். பக்கம் இருக்கட்டும், மெயில் இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு தன் பெயராகத்தான் இருக்கவேண்டும். பெயர், அதன் பின்னால் கல்யாணம் நடந்த வருஷம். அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். "ஆசையாக் கேக்குறாரு, இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றாள். இவர் தன் போனிலும் அதையே போட்டு உள்ளே நுழைந்து, யார் என்ன எழுதுகிறான் என்று காவல் இருந்தார்.

அதையாவது மனதுக்குள் வைத்துக்கொண்டாரா? போகிற வீட்டிலெல்லாம் ஏணி மேல் நின்றுகொண்டு சொன்னார். "என் வீட்டுக்காரி எல்லாத்துக்கும் என் பேரைத்தான் பாஸ்வேர்டா வச்சிருக்கா. உங்க வீட்டுல எப்படிங்க?" அந்த வீட்டுக்காரர் விழிப்பார், அந்த வீட்டுக்காரம்மா புருஷனை முறைப்பார். இவர் கம்பியை மாட்டிச் சண்டையையும் மூட்டிவிட்டு வருவார். பட்டறைப் பெயர்ப்பலகையிலோ அவர் பெயர் முழ உயர எழுத்தில் எழுதியிருக்கிறது. கல்யாணப் படத்தைத் தேதியோடு தங்கையின் பக்கத்தில் ஏற்றியவரும் இவரேதான், பார்க்கிறவன் பார்த்து வயிறெரியட்டும் என்று. தெருவில் போகிற எவனும் தலையை நிமிர்த்தினால் பாஸ்வேர்டில் பாதியைப் படித்துவிடலாம். மீதி பாதி படத்துக்குக் கீழே இருந்தது.

ஒரு நாள் காலை வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடினார். பாதி மாட்டிய கம்பி ஒரு வீட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"யாருடி அந்த மருந்துக்கடைக்காரன்?"

தங்கை வாயில் குண்டூசி. எடுத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "மூணு ஜன்னலுக்குத் திரை கேட்டவரு. நீங்கதானே அளந்துட்டு வந்தீங்க?"

"ஜன்னலைத்தான் அளந்தேன், ஆளை அளக்கல. இது என்ன? 'எனக்கு மட்டும் அனுப்புங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க.' எதை அனுப்பச் சொல்ற?"

நான் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். அவர் போனை நீட்டினார். அவள் பெயரிலிருந்து, அவள் படத்தோடு, மருந்துக்கடைக்காரருக்குப் போன மெசேஜ். அவசரமாக ஓர் உதவி, உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை எனக்கு மட்டும் அனுப்புங்கள் என்று இருந்தது.

"நான் எழுதலைங்க. என் போன் அதோ சார்ஜ்ல கெடக்கு."

"உன் பேரு, உன் மூஞ்சி. வேற எவ எழுதுவா?"

அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் தங்கையின் பெயர். 'சார், அவசரமா ஓர் உதவி. உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்...'

தங்கை எனக்கு எதிரே நிற்கிறாள், இரண்டு கையிலும் துணி.

"மாப்ள, இதப் படிங்க. இவ என்னைக்காவது என்னை சார்னு கூப்பிட்டிருக்காளா?"

அவர் படித்தார். ஆனால் பழக்கம் விடுமா? "உங்களுக்கும் அனுப்பிட்டாளா?" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் போன் அவரை அந்தப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. மறுபடி தன் பெயரைப் போட்டார். தவறு என்றது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அதற்கும் தவறு என்றது.

"என் பேரே தப்புங்குது மச்சான்!" அவள் பக்கம் திரும்பினார். "மாத்திட்டியா?"

"ஆமா, ரெண்டு கையிலயும் துணியைப் புடிச்சுக்கிட்டு காலால மாத்துனேன். எவனோ உள்ள பூந்துட்டான். உங்க பேரைப் போட்டுத்தான் பூந்திருக்கான்."

மெயிலைத் திறந்து பார்த்தாள். அதற்கும் அதே பாஸ்வேர்டுதானே, அங்கேயும் அவன் புகுந்துவிட்டான். இத்தனை காலம் தைத்ததெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவளை நம்பி வீட்டு ஜன்னலைக் காட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் அவள் முகத்தோடு எவனோ வலை வீசிக்கொண்டிருந்தான். அந்த நம்பரைக் கொடுத்தவரின் கணக்கும் அவன் கைக்குப் போய்விடும் என்பதுதான் சங்கதி.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. என் போனை வாங்கி, தெரிந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "நான்தாங்க பேசுறேன். அந்த மெசேஜ் நான் அனுப்பல. நம்பரை யாருக்கும் கொடுத்துடாதீங்க." பாதிப் பேர் ஆம்பிளைகள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று விரலால் சைகை காட்டினார், சுருக்கமாப் பேசு என்று. அவளுடைய பார்வையிலேயே அந்த விரல் மடங்கியது.

மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே நம்பரைக் கொடுத்திருந்தார். நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மாப்பிள்ளையை அனுப்பினாள். துணைக்கு நானும் போனேன்.

"உங்க வீட்டுக்காரம்மா கேக்குறாங்களேன்னுதாங்க கொடுத்தேன்" என்றார் அவர்.

"ஏன், வேற யாராவது கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டீங்களோ?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "நல்லாக் கேளுங்கண்ணே. காலையிலேர்ந்து நானும் அதைத்தான் கேக்குறேன்."

மருந்துக்கடைக்காரர் தலைவலி மாத்திரையைத் தனக்கே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மெயில் அவளுடைய போன் நம்பரோடு சேர்ந்திருந்ததால் அன்றைக்கே திரும்பக் கிடைத்தது. பக்கத்துக்குத்தான் அலைச்சல். கம்பெனிக்கு எழுதி, இது நான்தான் என்று முகத்தைப் படம் எடுத்து அனுப்பி, பதிலுக்குக் காத்துக் கிடந்தாள். அந்த நாட்களில் பட்டறையில் மெஷின் சத்தமே இல்லை. இரண்டு பேர் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர், நீங்கள் நிஜமாகவே நீங்கள்தானா என்று வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனார். புகுந்தவன் எவன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாப்பிள்ளை பெருமையடித்த வீடுகளை எண்ணினால் பாதி ஊரைச் சந்தேகப்பட வேண்டும்.

பக்கம் கைக்கு வந்த அன்றைக்கு மூன்று பேரும் போன் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா வாங்கிப் பார்த்தார். "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு போடுங்க. ஒண்ணு போனாலும் மத்தது பொழைக்கும். நீளமா இருக்கணும். ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேத்துப் போடுங்க. புதுப் போன்ல யாரு நுழைஞ்சாலும் உங்களுக்கு ஒரு நம்பர் வர்ற மாதிரி ரெண்டாவது பூட்டையும் போட்டுக்குங்க. அந்த நம்பரை யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது."

"புருஷன் பேரு வச்சா என்னங்க தப்பு?" என்றார் மாப்பிள்ளை.

"திருடன் மொதல்ல போட்டுப் பாக்குறதே அதைத்தாங்க. அடுத்தது புள்ளை பேரு. அப்புறம் நாய் பேரு."

"பரவால்ல, நாய்க்கு முன்னாடி நிக்கிறீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கை போனைத் திருப்பி வைத்துக்கொண்டு ஏதோ நீளமாக அடித்தாள். அவர் எட்டிப் பார்த்தார். அவள் இன்னும் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லு."

"மாட்டேன்."

"என் பேரு இருக்கா அதுல?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லுக்கு மனுஷன் துவண்டு போனார். இரண்டு நாள் சோற்றைப் பிசைந்தாரே தவிரச் சாப்பிடவில்லை. என் கடைக்கு வந்து, "யாரு பேரா இருக்கும் மச்சான்?" என்பார். வார்த்தைதான் வைத்திருக்கிறாள், பேர் இல்லை என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. அந்த நாலு வார்த்தை மேலேயே அவருக்குப் பொறாமை. இவர் இருந்த இடத்தில் முன்பின் தெரியாத நாலு வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டதே.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் போன் அடித்தது. நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் போனை மெஷின் மேல் வைத்துச் சத்தமாகப் பேசுகிற பழக்கம், எனக்கு இரண்டு பேர் பேசுவதும் கேட்டது.

"இந்தா, பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போட்டிருக்கேன், உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதை எனக்குச் சொல்லு."

மெஷின் நின்றது.

"யாருங்க பேசுறது?"

"உன் புருஷன்டி!"

"எல்லாத் திருடனும் அப்படித்தாங்க சொல்லுவான்."

வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அவர் வேலை முடிந்து வந்தபோது அவள் சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. நான் சுவரில் காதை வைக்க வேண்டியதாயிற்று.

"எவனோ ஒருத்தன் என் பேரைக் கொஞ்ச நாள் எடுத்து வச்சிருந்தான். அதுக்கே எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எடுத்து வச்சிருக்கீங்க. நான் யாருகிட்ட பேசுறேன், எவன் இதயம் போட்டான்னு ஏணி மேல நின்னு பாக்குறீங்க. நான் எங்க போயிட்டேன்? இந்த மெஷினை விட்டு எந்திரிச்சிருக்கேனா? இந்த ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். இதையும் புடுங்குறதா இருந்தா சொல்லிடுங்க, பக்கத்தை மூடிட்டு நான் அண்ணன் கடையில பஞ்சர் ஒட்டப் போறேன்."

பிறகு டேப் இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. அவருக்கு யோசனை வந்தால் அதைத்தான் செய்வார்.

"சரி, வச்சுக்க" என்றார்.

மறுவாரம் அவரே போன் கடைக்குப் போய்த் தன்னுடையதற்கெல்லாம் புதுப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டு வந்தார். நாலு வார்த்தை, ரெண்டாவது பூட்டு, எல்லாம் முறைப்படி. பட்டறையில் அவள் எதிரே உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்து, வேண்டுமென்றே மறைத்து மறைத்து அடித்தார். அவள் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்கவே மாட்டேங்குறா மச்சான்."

"எதை?"

"என் பாஸ்வேர்டை. நான் எதை வேணா ஒளிச்சு வச்சிருக்கலாம் இல்ல? எவ பேரையாவது வச்சிருக்கலாம் இல்ல? பொண்டாட்டின்னா ஒரு சந்தேகம் வேணாமா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நான் கேக்குறேன் மாப்ள. என்ன வச்சிருக்கீங்க?"

ஆசையாக வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லக் கூடாதாம்" என்றார். எழுந்து போய் ஏணியை வண்டியில் கட்டினார்.