சம்பந்தியம்மாவின் சுவர்

எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சம்பந்தியம்மா நேரே குளியலறைக்குள் போய், பல் துலக்கும் பிரஷ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "இது தேஞ்சுடுச்சு சம்பந்தி. எனக்குக் குடுத்துடுங்க." தேய்ந்திருக்காது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. என் கணவர் தம்முடையதை இப்போதெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்.

அந்தப் பிரஷ்கள் மண் துடைப்பதற்கு. என் மகளின் மாமியார், கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடத்தில் தோண்டிய அகழாய்வுக் குழி ஒன்றில் சென்ற மாதம்வரை வேலை பார்த்தவர். வேலை முடிந்தும் பிரஷ் வேட்டை முடியவில்லை. தோண்டுவது என்று சொன்னால் கோபம் வரும். "தோண்டறது கெணத்துக்கு. நாங்க உரிக்கிறோம்" என்பார். வெங்காயம் உரிப்பதுபோல் மண்ணை உரித்துக்கொண்டே இளமையில் குனிந்தவர், அடிமட்டத்துக்கு வந்து நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது.

தொழில் வீட்டுக்குள்ளும் வரும். அடுக்கு கேக்கை நறுக்கிக் கொடுத்தால் மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்துத்தான் தின்பார். கீழடுக்கில் முதலில் கைவைத்தவர்களைக் கொள்ளைக்காரர்களைப் போலப் பார்ப்பார். அழுக்குத் துணிக் கூடையைக் கிளறினால், "கலைக்காதீங்க, அடியில இருக்கறது திங்கக்கிழமை" என்பார். அவருடைய மகன், அதாவது என் மாப்பிள்ளை, நடை பழகியது அந்தக் குழிக்கரையில். தரையில் சதுரம் சதுரமாக நூல் கட்டியிருப்பார்களாம். பிள்ளை ஒரு நூலையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்ததாம். இன்றும் கடைத்தெருவில் மாப்பிள்ளை காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருவதைப் பார்த்து நாய்கள் எழுந்து வழிவிடுகின்றன. சத்தியம்.

எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன் கல்லைத் தட்டிக் கருவி செய்தவனை அவர் "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார், ஏதோ நேற்று வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனவனைப் போல. "நம்ம ஆளு இங்க அவசரப்பட்டிருக்கான், பாருங்க. யாரோ கூப்பிட்டிருக்காங்க." ஒருமுறை குழிக்கரையில் என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு கல்லின் பள்ளத்தில் வைத்தார். "உக்காருதா? அது அவன் வெரல் உக்காந்த எடம்." கனகச்சிதமாக உட்கார்ந்தது. அன்று முழுக்க அந்த விரலைக் கொண்டு நான் ஒரு பாத்திரம்கூடத் துலக்கவில்லை.

குழியின் ஒரு பக்கச் சுவரை மட்டும் யாரும் தொடுவதில்லை. அது அவர்கள் தொழிலின் சட்டம். பின்னால் வருகிறவர்கள் இன்னும் நல்ல கருவிகளோடு, இன்னும் நல்ல மூளையோடு வருவார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமாம். மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், அந்தச் சுவரிலிருந்து ஒரு கைக்கோடரியின், அதாவது கையில் பிடித்து வெட்டக் கல்லில் தட்டிச் செய்த கருவியின், முனை எட்டிப் பார்த்தது. விரல்நுனி அளவு. தேன் நிறம். மற்றதெல்லாம் மண்ணுக்குள். அன்றிலிருந்து, மகனுக்கு வழுக்கை விழுந்த பிறகும், குழிக்குள் இறங்கியதும் அதற்கு முகம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை. "ஒரே ஒரு தடவை கையில பிடிச்சுப் பாக்கணும் சம்பந்தி. வெரல் உக்காருதான்னு தெரிஞ்சா போதும். அப்புறம் நான் நிம்மதியா வீட்ல கெடப்பேன்."

சென்ற மாதம் குழியை மூடினார்கள். அன்றோடு அவருக்கும் ஓய்வு. கரையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மண்வெட்டியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். ஆரம்ப நாளிலிருந்து அவரோடு வேலை செய்துவரும் அகழாய்வு இயக்குநர் அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அக்கா, நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர்றவரைக்கும் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது."

"பையைத் தெறந்து வச்சிருக்கேன் சம்பந்தி" என்றேன் நான். "யாராவது கேட்டா, கதவு சாத்திக்காம இருக்க அண்டக் குடுக்கற கல்லுன்னு சொல்லிக்கறேன்."

"நீங்க வேற! சும்மா இருங்க" என்றபடி ஏணியில் இறங்கினார். முனையின் இருபுறமும் விரல்களை வைத்தார். மண் இளகிக் கொஞ்சம் உதிர்ந்தது.

"அசையுது" என்றார். வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக அசைந்ததைச் சொல்லும் குரல். நான் பையின் வாயை இன்னும் அகலமாக விரித்தேன். லேசாக ஓர் இழுப்பு, வந்துவிடும்.

அவர் இழுக்கவில்லை.

"நம்ம ஆளு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருந்தா நமக்கு ஏது?" என்றார். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா, தெரியவில்லை. விரல்களை எடுத்துவிட்டார்.

டீ குடித்துத் திரும்பிய இயக்குநர் முதலில் என் பையைத்தான் பார்த்தார். அது தட்டையாகக் கிடந்தது. பிறகு ஆட்களுக்குத் தலையசைத்தார். மண்வெட்டிகள் எழுந்தன. கீழேயிருந்து சம்பந்தியம்மா கையமர்த்தினார். அந்தச் சுவரோரத்துக்கு மட்டும் தாமே மண்ணை அள்ளி, கட்டிகளை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து நொறுக்கி, சரளை இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, பிடி பிடியாகப் போடத் தொடங்கினார்.