மணியடிக்குமுன் காய் இறங்கணும்

மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிறவருக்கு ஒரே ஒரு முதலாளி. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிறவருக்கு நூறு முதலாளி, அதில் ஒருவருக்கும் பதினோரு வயது ஆகியிருக்காது.

குன்னம் பக்கத்தில் ஓர் உழவர் குழுவுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பள்ளிச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க் காயையே வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் அரையாண்டு லீவு வரை சோதித்துப் பார்ப்பதாக முடிவானது. சரிப்பட்டால் தொடரும். இல்லையென்றால் பழையபடி டவுன் காய்தான். விளைவிக்கிறவருக்கும் சமைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் என் வேலை. நீங்களும் அப்படி எங்காவது நடுவில் மாட்டிக்கொண்டவர் என்றால் உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

தெரியலண்ணே

எங்கள் பக்கம் மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இதில் சாம்பாருக்கு ஆகிறது வெங்காயம் ஒன்றுதான். மற்ற காய் வேண்டுமானால் யாராவது புதிதாக நட வேண்டும். கிணறு உள்ள வீடாகப் பார்த்து ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், கத்திரி நடத்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கலியபெருமாள் அண்ணன். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. "பருத்தின்னா வாங்க ஏவாரி வர்றான். கத்திரிய நட்டப்புறம் பள்ளிக்கூடம் வேணாம்னுட்டா நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறதும்மா?" என்று கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கிணற்று மேட்டில் பாத்தி கட்டியிருந்தது. கத்திரி, கொத்தவரை, ஓரமாகப் பரங்கிக்குக் குழி. எப்படி மனசு மாறினீர்கள் என்று கேட்டேன்.

"தெரியும்னு சொல்லியிருந்தீன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இதுவரைக்கும் எங்கள ஏமாத்துனவன் எல்லாரும் தெரியும்னு சொன்னவந்தான்."

புழு

முதல் கூடை கத்திரிக்காயைக் கொண்டுபோய் சத்துணவுக் கூடத்தில் இறக்கினேன். சமையல் செய்வது அஞ்சலையக்கா. முதல் காயை அரிந்தார், புழு. இரண்டாவது, நல்ல காய். மூன்றாவது, மறுபடியும் புழு. அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டவுன் காய் பளபளன்னு வரும். ஒரு ஓட்டை இருக்காது." மருந்து அதிகம் அடிக்கவில்லை என்று விளக்கினேன். "அத புழுகிட்ட சொல்லு" என்றார்.

வேறு வழியில்லை. நானும் ஓர் அரிவாள்மணையை எடுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேருமாகக் கூடையில் கால்வாசியைக் கழித்துவிட்டு மீதியை உப்புத் தண்ணீரில் போட்டோம். அன்றைக்குக் கத்திரிக்காய் சாம்பார். தட்டுகள் திரும்பி வந்தபோது அஞ்சலையக்கா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். கத்திரிக்காயை ஒதுக்கியிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். எப்போதும் பாதித் தட்டில் ஒதுங்கிக் கிடக்குமாம். அவர் என்னைப் பாராட்டிவிடவில்லை. நான் வண்டியை எடுக்கும்போது வாசல் வரை வந்து சொன்னார்:

"நாளைக்கும் கொண்டா. புழுவ மட்டும் வயல்லயே எறக்கி விட்டுட்டு வரச் சொல்லு."

வரகு

காய் ஓடிய தைரியத்தில் ஒருநாள் வரகுப் பொங்கல் போடலாம் என்று சொன்னது நான்தான். நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று கழிவு வாளியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிள்ளைகள் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்கள். சத்துணவு அமைப்பாளர் சாரதா மேடம் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதிவேட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நூறு பிள்ளைகள் அரை வயிற்றோடு மத்தியான வகுப்புக்குப் போனார்கள். அதற்குக் காரணம் நான்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். "ருசி நல்லாத்தான் இருக்குக்கா. பல்லுலதான் நறநறங்குது" என்றாள். ஒரு பிடி எடுத்து மென்று பார்த்தேன். கல். அவசரத்தில் வரகைச் சரியாகக் கல் நீக்காமல் நான்தான் ஏற்றிவந்திருந்தேன். அஞ்சலையக்காவிடமும் சாரதா மேடத்திடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அடுத்த முறை குழு ஆபீசில் இரண்டு தடவை புடைத்து, அரித்து, காயவைத்து, ஒரு பிடியை நானே வேகவைத்துத் தின்று பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். அஞ்சலையக்கா மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டினார். அன்று வாளியை அவர் ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். அந்த மூன்றாம் வகுப்புப் பெண் இரண்டாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"இன்னிக்கு உங்க வரகு பல்லு வெளக்கிட்டு வந்துருக்குக்கா."

சேறு

ஐப்பசி மழை. எங்கள் கரிசல் மண் நனைந்தால் எதையும் விடாது. கலியபெருமாள் அண்ணன் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில் ஆட்டோ அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது. மணி எட்டரை. பத்தரைக்குள் காய் போனால்தான் மணியடிக்குமுன் சமையல் முடியும். ஒருநாள் காய் வராவிட்டாலும் டவுனுக்குத்தான் போன் போட வேண்டியிருக்கும் என்று சாரதா மேடம் முன்பே சொல்லியிருந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளைகளுக்கு வெறும் சோற்றையா போடுவார்?

அண்ணனும் நானும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். வண்டி இன்னும் ஆழமாகத்தான் போனது. அவர் மனைவி செல்வி அக்கா வந்து பார்த்தார். "வண்டி கெடக்கட்டும், காய எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பரங்கிக்காய்க் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பக்கத்துக் கொல்லையில் மக்காச்சோளம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கேட்காமலேயே ஆளுக்கு ஒரு கூடை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பள்ளிக்கு ஒரு காயும் போடுகிறவர்கள் இல்லை. அண்ணன் வண்டியோடு நின்றுகொண்டார். எங்களுக்கு வரப்பு வழியாக ஒன்றரை மைல். என் செருப்பு இரண்டும் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

பள்ளிக்குப் போனபோது மணி பத்தே கால். சாரதா மேடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். முழங்கால் வரை சேற்றோடு நாங்கள் நான்கு பேரும் வருவதைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டார்.

"டவுன் வண்டி தார் ரோட்டுலயே நின்னுபோச்சாம், நீங்க சேத்துல நடந்து வந்துட்டீங்க. கால கழுவிட்டு உள்ள வாங்க, அஞ்சலை உலை வச்சுட்டா."

திருமானூர்க்காரர்

அரையாண்டு லீவுக்கு முந்தின நாள் சாரதா மேடம் அடுத்த பருவத்துக்கும் எங்களிடமே காய் கேட்டார். கூடை தூக்கிய பெண்களில் ஒருவர் கொல்லையில் இப்போது அவரைக்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் பாகற்காய் போடட்டுமா என்று கேட்டார். அஞ்சலையக்கா காதில் விழுவதற்குள் பேச்சை மாற்றிவிட்டேன்.

பொங்கல் கழிந்து திருமானூரிலிருந்து ஓர் உழவர் குழுக்காரர் பஸ் பிடித்து எங்களைப் பார்க்க வந்தார். கொள்ளிடத்துத் தண்ணீர், வாழை, கீரை என்று அவர்களுக்குக் குறையில்லை. தங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். புழு, கல், சேறு எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடினார். பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"போதும்ங்க, இவ்ளோ பட்டும் நீங்க விடலேல்ல? அப்ப நாங்களும் எறங்கிடுறோம்."

மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் ஏற்றுவதைவிட ஒரு கூடைக் கத்திரிக்காயைப் பள்ளியில் இறக்குவதுதான் கஷ்டம், ஆனால் "நாளைக்கு என்னக்கா கொண்டு வருவீங்க?" என்று எந்த மூட்டையும் இதுவரை என்னைக் கேட்டதில்லை.