கையில் ஒட்டிய நீலம்

சான் ரமோனில் மழை விட்ட வாரம், எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் நடைபாதைச் சரிவில் அந்தச் செடி முழங்கால் உயரத்துக்கு எழுந்திருந்தது. மஞ்சள் பூ, ஓரம் கிழிந்தாற்போன்ற இலை, கிள்ளினால் பால். ஊரிலிருந்து விமானமேறி என்னிடம் வந்த இரண்டு மாதமாகக் கடையில் வாங்கிய வாடல் கீரையையே சமைத்துக்கொண்டிருந்த அம்மா, இதைத் தின்னலாமா என்று கேட்டாள். போனில் படம் பிடித்துத் தேடினேன். சாமந்திக் குடும்பம், மத்தியதரைக்கடல் பக்கத்துக் காட்டுக்கீரை, அங்கே காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். அதே சாயலில் இருக்கும் வேறு செடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தாராளமாகப் பறிக்கலாம் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் படித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

மதியம் பருப்போடு கடைந்தாள். லேசான கசப்பு. எனக்கு ஒரு கரண்டி போதுமாயிருந்தது. அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் தனியாக நடக்கப் போனேன். நாயைக் கட்டி அழைத்துப் போகச் சொல்லும் பலகைக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. தினமும் கடக்கும் கம்பம். காலையில் கீரை பறிக்க வந்தபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை. முந்தைய நாள் களைக்கொல்லி தெளித்திருந்தார்கள். தெளித்த இடம் தெரிய நீலச் சாயம் கலந்திருப்பதாகவும் எழுதியிருந்தது.

அங்கேயே நின்று, விஷம் சாப்பிட்டவர்களுக்கு உதவும் எண்ணை அழைத்தேன். பேசிய பெண் மருந்தின் பெயர், அம்மாவின் வயது, சாப்பிட்ட அளவு எல்லாம் கேட்டாள். காலைவரை வாந்தி வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸ்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை நிமிர்ந்தாள்.

“என்ன கண்ணு, பிரசவம் பாக்கறவ மாதிரி கேட்டுக்கிட்டே இருக்க?”

சொல்லிவிட்டேன். மருந்து அடித்ததையும், நான் அந்தத் தாளைப் பார்க்காததையும். அவள் கோபப்படவில்லை. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அலசறப்ப கையில நீலமா ஒட்டுச்சு. பருத்திக்காட்டுல அடிக்கிற மருந்து நெனப்பு வந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் பாத்துட்டேன்னு சொன்னியே.”

மிச்சத் துணியையும் மடித்து முடித்தாள். அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. டீ போடப் போனவள், பால் நன்றாக இருக்கிறதா பார் என்று டப்பாவை நீட்டினாள். தேதியை மூன்று முறை படித்தேன். பிறகும் முகர்ந்து பார்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன்.