உளுத்த கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்

சின்னசேலம் ரயில் நிலையத்தையும் கல்வராயன் மலையையும் சிறிய அளவில் செய்து, அதில் பொம்மை ரயில் ஓட விடுவது என் பொழுதுபோக்கு. அதைத் தாங்கும் மேஜை செய்ய, கள்ளக்குறிச்சி மரக்கடை ஒன்றில் விலை குறைந்த சட்டங்கள் கேட்டேன். "பொம்மைக்கு இதுவே ஜாஸ்திம்மா" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

சில மாதங்களிலேயே மேஜையின் கால் முறிந்தது. தெர்மாகோலில் நான் செதுக்கிய மலை பிளந்தது, என்ஜின் நொறுங்கியது. முறிந்த கட்டைக்குள் வண்டு அரித்த மாவுதான் இருந்தது. பக்கத்திலிருந்த கட்டிலிலும் அதே வண்டுத் துளைகள். போன் செய்தால், "வித்த மரத்துக்கு நான் இன்னா பண்றது?" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். வாசக்கால் வாங்க ஒரு குடும்பம் அவர் கடைக்குள் நுழையும்வரை எதிரிலிருந்த டீக்கடையில் காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், அவர் மேஜைமேல் கட்டையைத் தட்டினேன். மஞ்சள் மாவு குவிந்தது.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?"

"நீங்க குடுத்ததுதாங்க. இவங்களும் பார்க்கட்டும்."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் முகம் வெளுத்ததை நின்று நிதானமாகப் பார்த்தேன்.

இப்போது ஃபிரிட்ஜ் விற்கும் கடைகளில் பேக்கிங் கட்டையும் தெர்மாகோலும் மலிவாக வாங்குகிறேன். கட்டையைக் கறுப்புத் துணிமேல் தட்டி, மாவு உதிராவிட்டால்தான் எடுப்பேன். யாராவது வீடு கட்டுவதாகச் சொன்னால், அவர்கள் கேட்காமலேயே அந்தக் கடையின் பெயரைச் சொல்லி எச்சரித்துவிடுகிறேன்.